ஃபஹ்மியாவின் கரகச்சான்

ஆலங்குடாவில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு ஃபஹ்மியா ராத்தாவுடையது. அக்காவை ராத்தா என்றும் அண்ணனை நானா என்றும் சொல்வது எங்கள் வழக்கம். அதற்கு அங்கால் வீடு கிடையாது. உடை மரங்களும் பனை வடலிகளும் மண்டிய வெளி, அதையும் தாண்டினால் கடல். ஆடு வளர்க்கிறவருக்கு அது தோதான இடம். காலையில் கொட்டிலைத் திறந்துவிட்டால் ஆடுகள் தாமாகவே மேய்ந்து, வெயில் ஏறத் திரும்பிவிடும். தெருநாய்கள் கூட்டம் சேர்ந்து அலையத் தொடங்கும்வரை அவருக்கு அதில் ஒரு கவலையும் இருக்கவில்லை.

ராத்தா பிறந்தது மன்னார் எருக்கலம்பிட்டியில். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, பால்பல் விழாத வயதில், வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியவர். அகதி முகாமில் ஓலைக்கொட்டில் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் படித்தார். ஸியாத் நானாவைக் கலியாணம் முடித்தார். நானாவுக்கு வெங்காயத் தோட்டங்களில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுகிற வேலை. ஒரே மகள் றிஸ்னாவைக் கனமூலையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ராத்தா கதை குறைந்த ஆள். உதவி என்று யார் வாசலிலும் போய் நிற்கமாட்டார். ஆனால் முற்றத்துக்கு வந்த பூனைக்கும் காகத்துக்கும் ஏதாவது போடாமல் சோற்றுப்பானையை மூடமாட்டார்.

நான் அதே ஒழுங்கையின் நடுவில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பிக்கிறேன். வெள்ளைக்காரி சொல்வதை ராத்தாவுக்கும் ராத்தா சொல்வதை வெள்ளைக்காரிக்கும் மாற்றிச் சொன்னது நான்தான். அதனால்தான் இவ்வளவும் எனக்குத் தெரியும்.

வெள்ளைக்காரியின் பெயர் றொசிட்சா. எங்களுக்கு றோசி. பல்கேரியாவிலிருந்து புருசனோடு வந்து, கண்டக்குழிக் கடற்கரையில் கபானா என்கிற தங்குகுடில்கள் சில போட்டு, பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் கடல்மேல் ஓடுகிற விளையாட்டுக்கு ஆட்களைச் சேர்த்தார்கள். ராத்தா அங்கே படுக்கை விரிப்புத் தோய்க்கவும் சமையலுக்கு உதவவும் போய்வந்தார். அவர்களோடு விமானத்தில் ஒரு நாய்க்குட்டியும் வந்திருந்தது. அது வளர்ந்ததும் ஊரே வேலிக்கு வெளியே நின்று பார்த்தது. கன்றுக்குட்டி அளவு உயரம். கறுப்பும் வெள்ளையுமாக மயிர், கழுத்தில் சிங்கத்துக்குப்போல. “இது நாயா, கரடியா?” என்று கேட்காதவர் இல்லை. றோசி அதற்கு வைத்திருந்த பெயரும் அதுதான்: மெச்சோ. அவர்கள் மொழியில் கரடிக்குட்டிக்குச் செல்லமாகச் சொல்வதாம்.

கரகச்சான் என்பது அதன் சாதி. றோசியின் வாப்பா மலையில் செம்மறி வளர்ப்பவர். ஓநாயிடமும் கரடியிடமும் ஆட்டைக் காக்கிற நாய்கள் அவை. ஒரு காலத்தில் அந்த நாட்டு அரசாங்கம் மந்தைகளையெல்லாம் எடுத்துக்கொண்டபோது நாய்களுக்கு வேலையும் இல்லை, சோறும் இல்லை என்றாகி அழிந்துபோனதாகவும், மலையில் சிலர் விடாமல் வைத்திருந்ததால்தான் மிச்சம் இருப்பதாகவும் றோசி சொன்னார். அப்படிப்பட்ட ஒன்றை ஏன் இந்த வெயிலுக்குக் கொண்டுவந்தார் என்று நான் கேட்டேன். “நான் அங்கே விட்டுவர ஏலாமல் கொண்டுவந்தேன்” என்றார்.

கபானா வாசலில் மெச்சோ நாள் முழுக்க மணலைத் தோண்டிக்கொண்டு படுத்திருக்கும். பந்தை எறிந்தால் பார்க்கும், எழும்பாது. கூப்பிட்டால் வராது. சோம்பேறி நாய் என்று எல்லாரும் சொன்னார்கள். ஒருநாள் ராத்தாவின் ஆடுகள் மேய்ந்துகொண்டே கபானாப் பக்கம் வந்துவிட்டன. அவற்றைக் கண்டதும் மெச்சோ எழும்பியது. ராத்தா துணிகளைப் போட்டுவிட்டுக் கத்திக்கொண்டு ஓடினார். அதற்கு முந்தின வாரந்தான் தெருநாய்கள் அவருடைய சினை ஆடொன்றைக் குதறியிருந்தன. ஆனால் மெச்சோ தலையைத் தாழ்த்தி, கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, மெதுவாக நடந்துபோய் ஆடுகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டது. ஆடுகள் கொஞ்சம் விலகி நின்று பார்த்துவிட்டு மேய்ச்சலைத் தொடர்ந்தன. றோசி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஒருவரும் பழக்காத வேலை அது. பிறந்த கையோடு விமானம் ஏறிய குட்டி.

பெற்றோல் வரிசைகள் நீண்டு, கறண்ட் பாதிநாள் இல்லாத காலம் வந்தது. வெளிநாட்டு ஆட்கள் வருவது நின்றது. றோசியும் புருசனும் கபானாவைப் பூட்டிக்கொண்டு கொஞ்சக் காலம் ஊருக்குப் போய்வரத் தீர்மானித்தார்கள். மெச்சோவைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று ராத்தாவைக் கேட்கச் சொல்லி என்னைக் கூட்டிப்போனார் றோசி.

ராத்தா நிறைய நேரம் யோசித்தார். “டீச்சர், நான் நாய் வளக்கிற ஆளில்ல எண்டு செல்லுங்க. ஆனா அது என்ட ஆட்டோட நிக்கும் எண்டா நிக்கட்டும். அவங்க வாற வரைக்கும் தீன் போடுறன்.”

ஸியாத் நானாவுக்கு அது பிடிக்கவில்லை. “நாய் நிக்கிற வீட்டுக்கு அல்லாஹ்ட மலக்குமார் வானத்தால எறங்கி வரமாட்டாங்க. ஊர் என்ன செல்லும்?” என்றார். ராத்தா சண்டை போடவில்லை. பள்ளிவாசல் மௌலவியிடம் ஆளை அனுப்பிக் கேட்டார். ஆட்டுக்குக் காவலாக நாய் வைக்கலாம், அதில் குற்றமில்லை, வீட்டுக்குள் எடுக்க வேண்டாம், எச்சில் பட்ட இடத்தை ஏழு தரம் கழுவி அதில் ஒரு தரம் மண் போட்டுக் கழுவிக்கொள்ளட்டும் என்று மௌலவி சொல்லியனுப்பினார்.

ராத்தா அதற்கு ஓர் ஒழுங்கு செய்துகொண்டார். கொட்டிலடியில் பழைய சட்டை ஒன்று தொங்கும். நாயிடம் போகும்போது மட்டும் அதைப் போடுவார். மெச்சோவுக்குத் தனிச் சட்டி, தனி வாளி. கிணற்றடியில் ஒரு தகரத்தில் சுத்தமான மண். ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கு முன்னும் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டு நிற்பதை நான் காண்பேன். குறுணல் அரிசியும் மீன்தலையும் அவித்து ஆறவைத்துப் பின்னேரத்தில்தான் கொடுப்பார். பகலில் கொடுத்தால் சாப்பிடாது; வெயில் அதன் பசியைத் தின்றுவிடும்.

அந்தச் சில மாதங்கள் நல்லாயிருந்தன. மெச்சோ வந்த பிறகு ஓர் ஆடும் போகவில்லை. ஒருநாள் விடியற்காலை, சுபஹ் தொழுது முடிந்த வெளிச்சத்தில் தெருநாய்க் கூட்டம் வடலிப் பக்கத்தால் வந்ததை நானே பார்த்தேன். மெச்சோ குரைத்துப் பாயவில்லை. எழும்பி, ஆடுகளுக்கும் அந்தக் கூட்டத்துக்கும் நடுவில் போய், வாலை உயர்த்திக்கொண்டு நின்றது. அவ்வளவுதான். பிறகு அடித்தொண்டையில் ஒரு சத்தம். கூட்டம் கலைந்து போனது. குட்டிகள் அதன் முதுகில் ஏறி நிற்கும். அது அசையாமல் படுத்திருக்கும். ராத்தா அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். தடவமாட்டார். ஆனால் பார்வையில் ஒரு பெருமை இருக்கும்.

பங்குனி பிறக்கக் காத்து விழுந்துவிட்டது. கடற்கரையில் இலைகூட அசையாத காலம் அது. மணல் கொதிக்கும். மெச்சோ கிணற்றடியில் தண்ணீர் சிந்துகிற ஈர மண்ணில் குழி பறித்து வயிற்றை அதில் அழுத்திக்கொண்டு கிடந்தது. நாக்கு ஒரு சாண் வெளியே. மூச்சு தோல்பை ஊதுவதுபோல் போய்வந்தது. ராத்தா வாளிவாளியாகத் தண்ணீர் அள்ளி மண்ணை நனைத்தார். கிணற்றுத் தண்ணீரே இளஞ்சூடாக இருந்தது.

“கம்பளியப் போத்திக்கொண்டு வெயில்ல நிக்கிற மாதிரி ஈக்கிது அதுக்கு,” என்றார் ஸியாத் நானா. “வழிச்சு விட்டா கொஞ்சம் காத்துப் படும்.”

நாயே வேண்டாம் என்றவர், சலூனில் மெஷின் இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். தன் மூக்கிலும் வாயிலும் துணியைச் சுற்றிக்கொண்டு, முதுகில் ஒரு பக்கம் முழுவதையும் வழித்துவிட்டார். மெச்சோ எதிர்க்கவில்லை, எதிர்க்கிற தென்பு இல்லை. நான் அதைப் படமெடுத்து றோசிக்கு அனுப்பினேன், சந்தோசப்படுவார் என்று. உடனே ஃபோன் அடித்தது.

“வேண்டாம், வேண்டாம், நிறுத்தச் சொல்லுங்கள்! அந்த மேல்மயிர் கம்பளி இல்லை, குடை! வெயில் தோலில் படாமல் காக்கிறது அதுதான். உள்ளே இருக்கிற பஞ்சை மட்டும் சீப்பால் சீவி எடுக்க வேணும்.”

நான் சொன்னதைக் கேட்டு நானா மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “வெட்டினத ஒட்டவா ஏலும்?” என்றார். முகம் கறுத்துப்போயிருந்தது. நாயில் பட்டதென்று சலூன்காரர் அந்த மெஷினைத் திருப்பி வாங்கவுமில்லை.

வழித்த பக்கம் இரண்டொரு நாளில் சிவந்து கொப்புளித்தது. ராத்தா பழைய சாரன் ஒன்றை நனைத்துப் போர்த்திக் கட்டினார்; மெச்சோ பற்றையில் உரசிக் கழற்றிவிடும். ஈயும் இலையானும் மொய்த்தன. புண்ணில் புழு வைத்தது. ராத்தா கொட்டிலடிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, முக்காட்டை மூக்கோடு சேர்த்துக் கட்டி, ஈர்க்கிலால் ஒவ்வொரு புழுவாக எடுத்தார். அது வலியில் உதறி, திரும்பி அவர் கையை நக்கும். “நக்காத, நக்காத” என்று கெஞ்சுவார். பிறகு போய் மண் போட்டுக் கழுவுவார். மீண்டும் வந்து உட்காருவார். மற்றப் பக்கத்து மயிரை றோசி சொன்னபடி சீப்பால் சீவினார். உள்ளே பஞ்சுபோல வந்துகொண்டேயிருந்தது. யூரியா பேக் நிறைந்தது. பஞ்சுக்கு அடியில், தோலோடு ஒட்டி, அவரைக்கொட்டை மாதிரி உண்ணிகள்.

ஒருநாள் மெச்சோ ஆடுகளோடு போகவில்லை. ஆடுகள் வேலியடியில் நின்று திரும்பிப் பார்த்தன. அது எழும்ப முயன்று பின்னங்கால் மடங்கி விழுந்தது. ராத்தா அதன் உதட்டை விலக்கிப் பார்த்தார். பல் முரசு வெள்ளைக் கடுதாசிபோல இருந்தது.

மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். ஓட்டோக்காரர்கள் பெற்றோல் இல்லை என்றார்கள். பெற்றோல் இருந்தவர்கள் நாயை ஏற்றமாட்டோம் என்றார்கள். அன்று ராத்தா வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் வாசலில் போய் நின்றார். தலவில் ஊர்ப்பக்கத்து ஜெனிஸ்டன், கரையோர மீன்வாடிகளில் மீன் எடுத்து மலைநாட்டுச் சந்தைகளுக்கு அனுப்புகிற கத்தோலிக்கப் பொடியன். அவனுக்கு டீசல் ஒருமாதிரிக் கிடைத்துக்கொண்டிருந்தது.

“தம்பி, ஒரு நாய ஏத்தோணும். பெரிய நாய். கேக்க எனக்கு வெக்கமா ஈக்கிது.”

“ஏத்துங்க ராத்தா. என்ட லொறில மீன் நாத்தம் ஊரறிஞ்சது. நாய் ஏறினா நாறப்போறது நாய்தான்,” என்று சிரித்தான்.

நானாவும் ஜெனிஸ்டனும் படங்குச் சீலையில் வைத்துத் தூக்கி ஏற்றினார்கள். நானும் போனேன். பின்னால் ஐஸ் பெட்டிகள். ஜெனிஸ்டன் ஒன்றை உடைத்து ஐஸைத் தரையில் கொட்டினான். மெச்சோ முதலில் மணந்து பார்த்தது. பிறகு மெல்ல நகர்ந்து அதன்மேல் கன்னத்தை வைத்தது, வயிற்றை வைத்தது. ஒரு துண்டைக் கடித்து நொறுக்கியது. கண் இரண்டும் திறந்தன. வால் தரையில் ஒருமுறை அடித்தது. இவ்வளவு காலமும் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது பாதி நாயைத்தான் என்று அப்போதுதான் விளங்கியது. ராத்தா ஐஸை அள்ளி அதன் கழுத்தடியில் வைத்துக்கொண்டே வந்தார், கையை எடுக்கவேயில்லை.

வைத்தியர் இளம் சிங்களப் பெண். நல்ல மனிசி. இப்படி ஒரு சாதியைத் தான் கண்டதேயில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். உண்ணிக் காய்ச்சல், இரத்தம் குறைந்துவிட்டது என்றார். தன்னிடம் இருந்த ஊசியைப் போட்டார். குளிசைகள் வெளியில் வாங்க வேண்டும், அதுவும் முழுதாகக் கொடுத்து முடிக்க வேண்டும். “மருந்து கொடுக்கலாம். வெயிலுக்கு நான் என்ன மருந்து கொடுக்க?” என்று சிங்களத்தில் கேட்டார். ராத்தாவிடம் கேட்கவில்லை, யாரிடமும் கேட்கவில்லை.

புத்தளத்தில் மருந்துக் கடைகளில் பாதித் தட்டுகள் காலி. ஒரு கடையில் எங்களுக்கு முன்னால் நின்ற வயசாளி பிரசர் குளிசை இல்லாமல் திரும்பிப் போனார். அவருக்குப் பின்னால் நின்று நாய்க்கு மருந்து கேட்க ராத்தாவுக்கு நா எழும்பவில்லை. மருந்துத் துண்டை என் கையில் தந்துவிட்டு வெளியே போய் நின்றார். கிடைத்தது பாதி மருந்து.

மெச்சோ சாகவில்லை. எழும்பியது, பின்னேரங்களில் கொட்டிலைச் சுற்றி நடந்தது, தெருநாய்கள் வந்தால் போய் நின்றது. ஆனால் நின்ற பிறகு படுத்துவிடும். பக்கங்கள் உள்ளே ஒடுங்கிப்போயின. எப்போது வருவீர்கள் என்று நான் றோசியிடம் ஒவ்வொரு தடவையும் கேட்டேன். பதில்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. கடைசியில் உண்மையைச் சொன்னார். திரும்பி வர வழியில்லை. கபானாவை விட்டுவிட்டார்கள். மெச்சோவைக் கூப்பிட்டுக்கொள்ளவும் பார்த்தாராம். அவருடைய வாப்பா, சாதி அழியாமல் பெருக்க ஒவ்வொரு ஆண் நாயும் வேண்டும் என்று சண்டை போடுகிறாராம். ஆனால் இரத்தப் பரிசோதனை வெளிநாட்டுக்கு அனுப்பவேண்டும், மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும், இரத்தம் குறைந்த நாயை இந்தச் சூட்டில் ஏற்ற விமானக்காரர் சம்மதிக்கமாட்டார்கள். “அவரிடம் நான் மன்னிப்புக் கேட்பதாகச் சொல்லுங்கள்,” என்றார்.

ராத்தா கேட்டுவிட்டு, “மன்னிப்ப வெச்சு நான் என்ன செய்ய டீச்சர்? அதுக்குக் குளிர் வேணும்,” என்றார்.

அந்த நேரம் பார்த்து றிஸ்னாவுக்கு மாசம் ஏறிக்கொண்டிருந்தது. தலைப்பிள்ளைக்கு உம்மா வீட்டுக்கு வரவேண்டும். கனமூலையிலிருந்து சம்பந்தி மஹ்மூதா ஒரு பை பலகாரத்தோடு வந்தார். முற்றத்தில் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். கொட்டில் பக்கம் பார்த்தார்.

“சம்பந்தி, நான் சண்டைக்கு வரல்ல. மௌலவி ஆகும் எண்டு செல்லியிருக்காராம், கேள்விப்பட்டன். ஆட்டுக்கு ஆகும். ஆனா பச்சப்புள்ள ஈக்கிற வீடு. உண்ணி, புண், இலையான். நீங்க அதத் தொட்டிட்டு வந்துதான் புள்ளயத் தூக்கணும்.”

“நான் கழுவிப் போட்டுத்தான்…”

“கழுவுவீங்க. தெரியும். ஆனா என்ட மனசு கேக்குதில்லயே. நாய் நிக்கிற வரைக்கும் றிஸ்னாவ அனுப்ப எனக்கேலா. புள்ள எங்கட வீட்டிலயே பெறட்டும்.”

ராத்தா வெறுங்கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மஹ்மூதா சொன்னதில் பொய்யும் இல்லை, கொடுமையும் இல்லை. றிஸ்னா ஃபோனில் அழுதாள்: “உம்மா, எனக்கு உங்கட பக்கத்தில இருந்து பெறோணும்.” கொட்டிலை இன்னும் தள்ளிக் கட்டலாமா என்று நானா பார்த்தார். அங்கால் தனியார் காணி. ஜெனிஸ்டனைக் கேட்டார்கள். “என்ட கரையும் இதே வெயில்தானே ராத்தா,” என்றான்.

அப்போதுதான் றோசி ஒரு செய்தி அனுப்பினார். தெரிந்தவருக்குத் தெரிந்தவர் ஒருவர் நுவரெலியாப் பக்கத்தில் பங்களா வைத்திருக்கிறாராம். பெரிய வளவு. எப்போதும் பனி. நாயை எடுக்கச் சம்மதித்துவிட்டார். எல்லாருக்கும் மூச்சு வந்தது. மஹ்மூதா துஆச் செய்வதாகச் சொன்னார். வைத்தியர், அதைவிட நல்லது இல்லை என்றார். ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

ராத்தா மட்டும் ஒன்று கேட்டார். “அங்க ஆடு ஈக்கா எண்டு கேளுங்க.”

கேட்டேன். “பக்கத்தில் மாட்டுப் பண்ணைகள் இருக்கின்றன என்று நினைக்கிறேன்,” என்று பதில் வந்தது.

ஜெனிஸ்டனின் லொறி மலைக்கு மீன் கொண்டு போகிற நாளில் ஏற்றுவதென்று முடிவானது. விடிந்து, ஆடுகளைத் திறக்கிற நேரம். லொறிக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஐஸ் பரப்பி வைத்திருந்தான். பலகையைச் சாய்த்து வைத்தார்கள். மெச்சோ ஐஸை மணந்தது, ஏறவில்லை. திரும்பிக் கொட்டிலைப் பார்த்தது. நானா பின்னாலிருந்து தள்ளினார். ஜெனிஸ்டன் முன்னாலிருந்து இழுத்தான். நாலு காலையும் மண்ணில் ஊன்றிக்கொண்டு நின்றது. இவ்வளவு நோயிலும் அதை அசைக்க முடியவில்லை.

ராத்தா கொட்டிலுக்குப் போய் மூத்த மறியாட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்தார். பலகையில் அதை ஏற்றி உள்ளே கொண்டுபோய் நிறுத்தினார். ஆடு கத்தியது. மெச்சோ அந்தச் சத்தத்துக்கு ஒரே எட்டில் உள்ளே ஏறி, ஆட்டை மறைத்துக்கொண்டு நின்றது. ஜெனிஸ்டன் சங்கிலியை மாட்டினான். ராத்தா ஆட்டை மெல்ல இழுத்துக்கொண்டு கீழே இறங்கினார். கதவு சாத்தப்பட்டது.

அது குரைக்கவில்லை. லொறி ஒழுங்கை முனை திரும்பும்வரை ஒரு சத்தமும் வரவில்லை. ராத்தா ஆட்டின் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றார். “அத நான் ஏமாத்திப் போட்டன் டீச்சர்,” என்றார். “அது என்னை நம்பி ஏறல்ல. ஆட்டுக்காக ஏறின.” குளிரான இடம், நல்ல இடம் என்று எல்லாரும் சொன்னதையே நானும் சொன்னேன்.

றிஸ்னா வந்து சேர்ந்தாள். முற்றமெல்லாம் கழுவி, கொட்டிலடிச் சட்டையை எரித்து, வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். கொஞ்ச நாளில் பங்களாக் காவலாளி ஒரு வீடியோ அனுப்பினான். நாங்கள் இருவரும் என் வீட்டு வாசற்படியில் இருந்து பார்த்தோம். மெச்சோவேதான். வழித்த பக்கம் மயிர் மூடியிருந்தது. உடம்பு வைத்திருந்தது. மயிர் பளபளத்தது. பின்னால் பனிமூட்டம், சிவப்பு ஓட்டுப் பங்களா. கழுத்திலிருந்து தடித்த சங்கிலி வாசல் தூணுக்குப் போனது. அது படுத்திருந்தது. படம் எடுப்பவனைப் பார்க்கவில்லை; எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

ராத்தா சிங்களம் நன்றாகக் கதைப்பார். தானே ஃபோன் எடுத்தார். “தம்பி, அது கட்டிப் போடுற நாயில்ல. அதுக்கு நடுவில கிடக்க நாலு ஆடு வேணும். இல்லாட்டி மாடாவது.”

“அம்மா, அவிழ்த்துவிட்டால் வேலி பாய்ந்து போகுது. ஒருதரம் கீழே மாட்டுப்பட்டியில போய்ப் படுத்திட்டுது. மாட்டுக்காரன் தடியோட வந்திட்டான். வாற விருந்தாளிகளும் பயப்படுறாங்க. முதலாளி கட்டச் சொல்லிட்டார். நான் சம்பளத்துக்கு நிக்கிறவன்.”

நான் றோசிக்குச் சொன்னேன். கட்டவேண்டாம் என்று முதலாளிக்கு எழுதியதாகவும், “இப்போது அது அவருடைய நாய்” என்று பதில் வந்ததாகவும் சொன்னார். ஸியாத் நானா, “குளிரிலயாவது ஈக்கிதே,” என்றார். ராத்தா அதற்கும் ஓம் என்றார்.

றிஸ்னாவைப் புத்தளம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது தெருநாய்கள் வந்தன. வீட்டில் ஆளில்லை. நான் சத்தம் கேட்டு ஓடிப்போனபோது கொட்டிலின் ஒரு பக்கத் தகரம் நெளிந்து கிடந்தது. மூத்த மறியாட்டின் குட்டிகளும் இன்னும் சிலதும் போயிருந்தன. மிச்சம் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. நான் ஃபோன் எடுத்தபோது ராத்தா, “பொம்புளப்புள்ள, டீச்சர். அல்ஹம்துலில்லாஹ். ரெண்டு பேரும் சுகம்,” என்றார். அதற்குப் பிறகுதான் நான் ஆடுகளைச் சொன்னேன். பின்னணியில் ஏதோ ஒரு குழந்தை அழுதது. “சரி,” என்றார்.

மிச்ச ஆடுகளை வண்ணாத்திவில்லுப் பக்கத்து வியாபாரிக்கு விற்றார்கள். வேறு வழி இருக்கவில்லை. மஹ்மூதா வந்து தங்கிப் பிள்ளைப்பேற்று மருந்து அரைத்துக் கொடுத்தார், சமைத்தார், குழந்தையின் துணி தோய்த்தார். நல்ல கைராசி அவருக்கு. “நாயை அனுப்பினது நல்லதாப் போச்சு சம்பந்தி, புள்ளட முகத்தப் பாருங்க,” என்றார். ராத்தா குழந்தையின் முகத்தைப் பார்த்தார். நாற்பது நாள் கழிந்து மகள் கனமூலைக்குத் திரும்பிய பிறகு ராத்தா நானாவோடு வெங்காயத் தோட்டத்துக்குப் போகத் தொடங்கினார்.

மாதத்தில் ஒருநாள் பங்களாவுக்கு ஃபோன் எடுப்பார். “நிக்குதா?” “நிக்குது.” “தின்னுதா?” “தின்னுது.” அவ்வளவுதான். பிறகு ஒருநாள் வேறு குரல் எடுத்தது. பங்களா கைமாறிவிட்டதாம், பழைய காவலாளி போய்விட்டானாம். நாயா? தான் வரும்போது இங்கே நாய் எதுவும் இருக்கவில்லை என்றது குரல். ராத்தா இன்னொரு தரம் கேட்டார். பெரிய நாய், கறுப்பும் வெள்ளையும், கரடி மாதிரி. “இல்லை அம்மா, அப்படி ஒன்று இல்லை.”

ஜெனிஸ்டன் அடுத்த மீன் பயணத்தில் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தான். கேற் பூட்டிக் கிடந்ததாம். மதிலுக்கு மேலால் “மெச்சோ, மெச்சோ” என்று கூப்பிட்டிருக்கிறான். கீழே மாட்டுப்பட்டிக்கும் போய் விசாரித்தான். ஒரு மழைநாளில் அவிழ்ந்து மேல்பக்கக் காட்டுக்கு ஏறியதாக ஒருவன் சொன்னான். யாரோ வான் வண்டியில் ஏற்றிப்போனதாக இன்னொருவன் சொன்னான். அவன் இரண்டையும் அப்படியே வந்து ராத்தாவிடம் சொன்னான். எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. ராத்தா அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

அன்று பின்னேரம் ராத்தா என் வீட்டுக்கு வந்தார். தோட்டத்து மண் காலில் இருந்தது. “றோசிக்குச் செல்லணும். எனக்கு அவட பாஷ வராது. நீங்களே செல்லுங்க,” என்றார்.

நான் எடுத்தேன். சொன்னேன். எங்கே என்று தெரியாது, இருக்கிறதா என்றும் தெரியாது என்று மட்டும் சொன்னேன். பிறகு றோசி ஏதோ சொல்லத் தொடங்கினார், இங்கிலீஷில் இல்லை, தன் சொந்த மொழியில். நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார். என்ன சொல்கிறார் என்று ராத்தா என் முகத்தைப் பார்த்தார். எனக்கும் விளங்கவில்லை. இரண்டு பேரும் ஃபோனை நடுவில் வைத்துக்கொண்டு அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.